ஆரம்பப் பாடசாலை மாணவரின் சாதனை யாது?

கல்லூரி விழா மலர்களிற் சாதனைகளுக்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கப்படுதல் மரபு. பல்கலைக்கழகம் புகுந்தோர் தொகை, துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் பெற்ற வெற்றிகள், நாவன்மைப் போட்டிகளில் ஈட்டிய பரிசுகள் என்பன அப்பக்கங்களை நிரப்பும். ஆரம்பப் பிரிவைப் பற்றிய குறிப்போ பெரும்பாலும் ஒரு பந்தியில் அடங்கிவிடும். அப்பந்தியிலும், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேற் பெற்றோர் இத்தனை பேர் என்னும் செய்தியே முதலிடம் பெறும்.

அச்செய்தி மகிழ்ச்சிக்குரியதே. பிள்ளைகள் முயன்று பெற்ற பேற்றைக் கண்டு மகிழாதார் ஆசிரியத் தொழிலுக்கு உரியவரல்லர். எனினும், ஆரம்பப் பாடசாலை மாணவரின் சாதனை அவ்வொரு பரீட்சையோடு முடிந்துவிடுகின்றதா என்னும் வினாவை இவ்விழாக் காலத்தில் எழுப்புதல் பொருத்தமென எண்ணுகின்றோம். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று பெற்றோராகவும் பாட்டனாராகவும் இருக்கின்றனர். பரிசில்களுக்குப் பொருள் உதவுவோரும் அவர்களே. சிறு பிள்ளைகள் ஐந்தாண்டுக் காலத்தில் எவற்றைச் செய்கின்றனர், எவற்றை வெல்கின்றனர் என்பது அவர்கட்குத் தெளிவாதல் வேண்டும்.

எம்மவரிடையே ஆரம்பக் கல்வி எக்காலத்தும் எழுத்தறிதலையே முதற்படியாகக் கொண்டது. விசயதசமி நாளிற் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் எம் வீடுகளிலும் கோயில்களிலும் நிலைபெற்றுள்ளது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் எழுதிப் பழகிய பின்னரே ஏட்டைக் கையிலெடுத்தது. 1848 ஆம் ஆண்டில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளின் கையிற் கொடுத்தற்கேற்ற அச்சு நூல்கள் வேண்டுமென உணர்ந்து, அச்சுக்கூடமும் அமைத்து, பாலபாடம் என்னும் வரிசையைத் தாமே எழுதிப் பதிப்பித்தார். எளியவற்றிலிருந்து அரியவற்றுக்குப் படிப்படியாக ஏறிச் செல்வது அவ்வரிசை. ஒரு படியில் நன்கு கால் ஊன்றிய பின்னரே அடுத்த படியில் ஏறுதல் வேண்டும் என்பது அந்நூல்களின் ஒழுங்கிலேயே அமைந்து கிடக்கின்றது.

அவர் வழியில், 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் பலவற்றிற் சைவப் பாடசாலைகளை நடத்தியது. இந்து போர்ட் இராசரத்தினம் என மக்களால் அழைக்கப்பெற்ற சு. இராசரத்தினம் அவர்கள் அப்பணிக்குத் தம் வாழ்வையே ஈந்தார். அக்காலத்து முகாமையாளர்களின் கவலை, கிராமத்துப் பிள்ளைகளிற் சிறந்தவரைத் தெரிந்தெடுத்தல் அன்று. பள்ளிக்கே வாராத பிள்ளைகளை வரச்செய்து எழுத வாசிக்கப் பழக்குதலேயாகும்.

புலமைப்பரிசிலின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளுக்குத் தாய்மொழியே போதனாமொழி ஆயிற்று. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் தோன்றின. வறுமையாற் படிப்பை இழக்கக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டெடுத்து அக்கல்லூரிகளிற் சேர்த்துப் படிப்பித்தற்கே புலமைப்பரிசிற் பரீட்சை வகுக்கப்பட்டது. அஃதாவது, ஏழைப் பிள்ளைக்குத் திறக்கப்பட்ட ஒரு கதவு அது. ஏனைய பிள்ளைகளின் கல்வியை அளக்கும் கோலாக அஃது அன்று கருதப்படவில்லை.

இன்று நிலை வேறாயிற்று. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குதல், பெயர்பெற்ற பாடசாலைகளில் ஆறாந் தரத்துக்கு இடம் வழங்குதல் என்னும் இரு நோக்கங்களுக்காகவும் அப்பரீட்சை நடத்தப்படுகின்றது. வினாத்தாள்கள் இரண்டு; ஒன்றுக்கு ஒரு மணித்தியாலமும் மற்றதற்கு ஒன்றேகால் மணித்தியாலமும் உண்டு. மொத்தப் புள்ளிகள் 200. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிக்கு மொழியும் வேறுபடும். 2025 ஓகஸ்ட் மாதத்தில் நடந்த பரீட்சைக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் விண்ணப்பித்திருந்தனர். வெட்டுப்புள்ளிக்கு மேற் பெற்றோர் ஏறக்குறைய 52,000 பேர், அஃதாவது நூற்றுக்குப் பதினேழு பேரளவில்.

இவ்வெண்ணைச் சற்று ஆராய்தல் வேண்டும். வெட்டுப்புள்ளி என்பது கிடைக்கக்கூடிய இடங்களின் தொகைக்கும் உதவிப்பணத்தின் அளவுக்கும் ஏற்ப வகுக்கப்படும் எல்லையேயன்றி, கற்றவரையும் கல்லாதவரையும் பிரிக்கும் எல்லை அன்று. ஒரு வகுப்பில் உள்ள பிள்ளைகள் யாவரும் முந்திய ஆண்டினரினும் நன்றாகக் கற்றாலும் எல்லைக்கு மேல் அமைவோர் தொகை பெரிதும் கூடிவிடப் போவதில்லை. எல்லையும் உடன் உயர்ந்துவிடும். ஆகவே நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லைக்குக் கீழ் நிற்றல் இப்பரீட்சையின் அமைப்பிலேயே உள்ளது. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்விளக்கம் தெரியாது. அது தான் தோற்றுவிட்டதாகவே எண்ணும். வீதியோரத்திற் கட்டப்பட்ட பதாகையில் அயல்வீட்டுத் தோழனின் படத்தைக் காணும்போது அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படும். எண்பது பேரை இவ்வாறு எண்ணச்செய்யும் வெற்றிக் கணக்கு முழுமையான கணக்கு ஆகாது.

அவ்வாறாயின் முழுமையான கணக்கு யாது? ஆரம்பக் கல்வி எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்தால் விடை கிடைக்கும். 1998 இற் கம்பகா மாவட்டத்தில் முதலிற் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. முதலாம், இரண்டாந் தரங்கள் முதல் நிலை. இங்கு வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டே மிகுதி. மூன்றாம், நான்காந் தரங்கள் இரண்டாம் நிலை. விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் இங்கு ஒத்த அளவின. ஐந்தாந் தரம் மூன்றாம் நிலை. எழுத்து வேலை இங்கு மேலோங்கும். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் எல்லாப் பிள்ளைகளும் அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் எவை என்பதும் வரையறுக்கப்பட்டது. இங்கே "எல்லாப் பிள்ளைகளும்" என்னுஞ் சொற்களை அன்பர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும். பரீட்சை சிலரைத் தெரிகின்றது. பாடத்திட்டமோ எல்லாரையும் நோக்குகின்றது.

இத்தேர்ச்சிகள் எளியனவோ எனின், அல்ல. தமிழ் வாசிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். எம்மொழியின் எழுத்துகள் 247 என்பதை யாவரும் அறிவர். பிள்ளை அத்தனையையும் தனித்தனியே மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. உயிரும் மெய்யும் அறிந்து, உயிர்மெய்க் குறிகளையும் அறிந்தாற் போதும் என நாம் கூறிவிடுகின்றோம். ஆனால் பிள்ளையின் கண்கொண்டு பார்ப்போமாயின் வழியில் உள்ள கற்களும் முட்களும் தோன்றும். "கெ" என்பதில் எகரக் குறி முன்னே நிற்கின்றது. ஒலியோ பின்னே வருகின்றது. "கொ" என்பதிற் குறி இருபுறமும் நிற்கின்றது. "கௌ" என்பதன் ஈற்றில் நிற்பது ளகரம் போலவே தோன்றுகின்றது. கு, சு, து, மு என்னும் எழுத்துகளில் உகரக் குறி ஒரே வடிவினதாய் இல்லை. கடல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் உள்ள ககர வரிவடிவம் ஒன்று, ஒலி மூன்று. படம், பட்டம் என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் கேட்கவும் எழுதவும் காதும் கையும் ஒருங்கே பழகுதல் வேண்டும். பழம் என்பதைப் "பளம்" எனக் கூறும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை ழகரத்தைக் காதால் அறிய இயலாது. கண்ணால் அறிந்து நினைவில் வைத்தல் வேண்டும்.

இக்காரணம் பற்றியே பயிற்றப்பட்ட ஆசிரியர் அகர வரிசையை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றுவிடுவதில்லை. எழுதுதற்கு எளிய ட, ப, ம என்பவற்றை முதலிற் பழக்குவர். அம்மூன்றைக் கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்கள் பிறந்துவிடும். எழுத்தைக் கற்ற அன்றே சொல்லை வாசிக்கும் மகிழ்ச்சி பிள்ளைக்குக் கிட்டுகின்றது. அதன் பின்னர்க் குறிகள் ஒவ்வொன்றாக வரும். இவ்வாறு முதலாந் தரத்தில் ஒரு சொல்லையும் வாசியாத பிள்ளை மூன்றாந் தரத்தில் ஒரு சிறு கதையைத் தானே வாசித்து, அதில் வரும் நரி ஏன் ஏமாந்தது என்பதைத் தன் சொற்களிற் கூறுமாயின், அது சாதனையே. அப்பிள்ளைக்கு யாரும் மாலை சூட்டுவதில்லை. ஆயினும் பிற்காலத்திற் பௌதிகவியலும் வரலாறும் சட்டமும் கற்கப்போகும் பிள்ளை இந்தப் படியிற் கால் ஊன்றியே அங்கு செல்லுதல் வேண்டும்.

எண்ணறிவும் இத்தகையதே. ஈர்க்குகளைப் பத்துப்பத்தாகக் கட்டி, கட்டுகள் மூன்றும் தனி ஈர்க்குகள் நான்கும் முப்பத்துநான்கு எனக் காணும் பிள்ளை இடப்பெறுமானம் என்னும் பெருங் கருத்தைக் கையாலே தொட்டறிகின்றது. அதனைத் தொட்டறியாத பிள்ளை கூட்டல் கழித்தல்களை மந்திரம் போல ஒப்புவிக்கும்; இலக்கம் பெரிதானவுடன் தடுமாறும்.

இனி, வகுப்பறைக்கு வெளியே நிகழும் செயற்பாடுகளை நோக்குவோம். இவற்றை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவாரும் உளர். பரீட்சைக்குரிய காலத்தை வீணாக்குவன எனக் கடிந்துகொள்ளும் பெற்றோரும் உளர். இரண்டுந் தவறான எண்ணங்கள்.

சிறுவர் சந்தையைக் கொள்க. முருங்கைக்கீரை, தேசிக்காய், கத்தரிக்காய், பனங்கிழங்கு, ஒடியல் எனத் தம் வளவிலும் தோட்டத்திலும் கிடைத்தவற்றைப் பிள்ளைகள் கொண்டுவந்து பரப்புகின்றனர். இருபது ரூபாய்க்குப் பொருள் வாங்கியவர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டும்போது மீதி எவ்வளவு என்பதை அந்நேரத்திற் கணக்கிட வேண்டியிருக்கின்றது. வாங்குவோரை அழைத்தல், விலை கூறுதல், விலை குறைத்துக் கேட்பாருக்கு மறுமொழி கூறுதல் ஆகியன மொழிப்பயிற்சி. புள்ளித்தாளிற் பின்தங்கும் பிள்ளை ஒன்று சந்தையில் எல்லாரினும் விரைவாக மீதிக் காசைக் கொடுப்பதை நாம் பலமுறை கண்டுள்ளோம். அப்பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதது அன்று. கணக்கை நாம் கேட்ட முறை அதற்குப் பொருந்தவில்லை என்பது அப்பொழுது ஆசிரியர்க்கு விளங்குகின்றது.

விளையாட்டு விழாவும் அத்தகையதே. கரண்டியிற் தேசிக்காயை ஏந்தி ஓடும் ஓட்டத்திலும் சாக்கோட்டத்திலும் வெல்வது விரைவு மட்டுமன்று, நிதானமும் வேண்டும். கரண்டியை நேராகப் பிடிக்கப் பழகும் கையே எழுதுகோலையும் செம்மையாகப் பிடிக்கின்றது. அஞ்சலோட்டத்தில் ஒருவர் தாமதித்தால் நால்வருக்கும் நட்டம் என்பதை அறிந்து, தாமதித்தவரைக் கடியாமல் அடுத்த ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள், பெரியோர் பலருக்குக் கைவராத பண்பொன்றைப் பெற்றுவிடுகின்றனர்.

தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலை மட்டத்திலே தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் எனச் சென்று தேசிய மட்டத்தில் முடிவன. வாசிப்பு, பா ஓதல், பேச்சு, ஆக்கத்திறன் வெளிப்பாடு முதலியவற்றில் ஆரம்பப் பிரிவு மாணவரும் பங்குகொள்கின்றனர். தேசிய மட்டம் வரை செல்பவர் மிகச் சிலரே. ஆனாற் பாடசாலை மட்டப் போட்டிக்காக ஒரு வகுப்பு முழுவதும் ஒரு மாத காலம் உரத்து வாசித்துப் பழகியதாயின், பயன் பெற்றவர் முப்பது பேர். வெற்றிக்கிண்ணம் ஒருவர் கையில் இருக்கும். திருத்தமான உச்சரிப்போ அனைவர் நாவிலும் இருக்கும். இதற்கு மாறாக, வெல்லக்கூடிய ஒரு பிள்ளையை மட்டும் தனியே அழைத்துப் பழக்கி ஏனையோரைப் பார்வையாளராக்கிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. கிண்ணம் கிடைக்கும், கல்வி கிடையாது.

வாணி விழாவில் ஒன்பது நாளும் வகுப்புக்கு வகுப்பு முறைவைத்து நிகழ்ச்சி நடத்தும் வழக்கம் இதனினும் நன்று. அங்கு போட்டி இல்லை. சபைக்கு அஞ்சி வாய் திறவாத பிள்ளையும் தோழரோடு சேர்ந்து தேவாரம் ஓதுகின்றது. அடுத்த ஆண்டில் தனியே நின்று இரண்டு வார்த்தை பேசுகின்றது. அவ்விரு வார்த்தைகளின் பெறுமதி அப்பிள்ளையின் தாய்க்கும் வகுப்பாசிரியர்க்குமே தெரியும்.

அண்மை ஆண்டுகளில் இப்பிள்ளைகள் கடந்துவந்த இடர்ப்பாடுகளையும் மறத்தலாகாது. கொவிட் பெருந்தொற்றினால் 2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஒக்டோபரிலே தான் ஆரம்ப வகுப்புகள் மீண்டும் திறக்கப்படலாயின. 2022 இல் எரிபொருட் தட்டுப்பாட்டினால் யூன், யூலை மாதங்களில் மீண்டும் பாடசாலை நாள்கள் குறைந்தன. கடதாசியின் விலையும் எட்டாத உயரம் சென்றது. எழுத்தறியும் வயதுப் பிள்ளைகள் ஆசிரியரின் வாயசைவையும் கையசைவையும் காணாமலே இரண்டாண்டுகளைக் கழித்தனர். 2021 ஆம் ஆண்டுக்கான தேசிய மதிப்பீட்டில், மூன்றாந் தர மாணவருள் எழுத்தறிவிற் குறைந்தபட்சத் தேர்ச்சியை அடைந்தோர் நூற்றுக்கு 34 பேரே. எண்ணறிவில் நூற்றுக்கு 7 பேரே எனக் கண்டறியப்பட்டது.

இவ்விரு எண்களையும் பழைய மாணவ அன்பர்கள் முன்னர்க் கூறிய பதினேழோடு சேர்த்து வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் பெயர்கள் ஆண்டுதோறும் பதாகையில் ஏறின. ஆனால் ஒரு பந்தியை வாசிக்க இயலாத பிள்ளைகளின் கதி என்ன ஆயிற்று? அவர்களும் அடுத்தடுத்த தரங்களுக்கு ஏற்றப்பட்டனர். இன்று அவர்கள் இடைநிலை வகுப்புகளில் விஞ்ஞான நூலையும் வரலாற்று நூலையும் கையில் வைத்துக்கொண்டிருக்கின்றனர். நூல் கையில் இருக்கின்றது. வாசிக்கும் ஆற்றல் இல்லையேல் அது பொதி சுமத்தலேயாகும். இப்பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, பாடசாலை தொடங்குமுன் அரை மணியும் முடிந்தபின் அரை மணியும் எழுத்துக் கூட்டி வாசிப்பித்த ஆசிரியர்கள் நாடெங்கும் பலர் உளர். ஐந்தாந் தரத்தில் இருந்துகொண்டு முதலாந் தர வாசிப்பு நூலை வெட்கமின்றி எடுத்து, ஓராண்டில் இரண்டு, மூன்று படிகள் ஏறிய பிள்ளைகளும் உளர். அண்மைக் காலத்து ஆரம்பப் பாடசாலைச் சாதனைகளுள் இதனினும் பெரியது பிறிதொன்று இருப்பதாக நாம் கருதவில்லை.

ஆதலின், ஆரம்பப் பிரிவின் ஆண்டறிக்கை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது பற்றிச் சில கூறுவோம். புலமைப்பரிசிற் சித்தியைக் கூறுக. அதனோடு, மூன்றாந் தர மாணவருள் தடையின்றி வாசிப்போர் எத்தனை பேர், சென்ற ஆண்டில் எத்தனை பேர் என்பதையும் கூறுக. பாடசாலைக்கு ஒழுங்காக வந்தோர் தொகையைக் கூறுக. வாராத பிள்ளையைத் தேடி எத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்பதையும் கூறுக. போட்டியில் வென்றவர் பெயரோடு, போட்டியிற் பங்குகொண்டோர் தொகையையும் கூறுக. பின்தங்கி நின்று முன்னேறிய பிள்ளைக்கு ஒரு பரிசு வைக்குக. இவை செலவு மிக்கன அல்ல. கணக்கெடுக்கும் மனமே வேண்டும். எதனைக் கணக்கெடுக்கின்றோமோ அதற்கே அதிபரும் ஆசிரியரும் பெற்றோரும் காலத்தைச் செலவிடுவர் என்பது தொழில் அனுபவத்தில் நாம் கண்ட உண்மை.

பழைய மாணவர் செய்யத்தக்கனவும் சில உள. முதற்பரிசுக்குத் தங்கப்பதக்கம் வழங்குதற்கு முன்வருவோர் பலர். ஒரு வகுப்புக்கு நாற்பது கதைநூல்கள் கொண்ட ஒரு பெட்டியை வழங்குதற்கு முன்வருவோர் சிலரே. தங்கப்பதக்கம் ஒருவரது பேழையிற் கிடக்கும். நூற்பெட்டி ஐந்தாண்டுகளில் இருநூறு பிள்ளைகளின் கைகளிற் புரளும். ஓரங்கள் கிழிந்து அட்டை கழன்றுபோகுமளவு அதன் பயன் பெருகும். ஓய்வுபெற்ற அன்பர்கள் கிழமைக்கு ஒருமுறை ஆரம்பப் பிரிவுக்கு வந்து, ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அது வாசிப்பதைப் பொறுமையோடு கேட்பாராயின், அதுவும் பெருந்தொண்டே. முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை நாள்தோறும் தனித்துக் கேட்க ஆசிரியர் ஒருவரால் இயலாது. பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாளிற் பதாகை கட்டுவோர், அதற்கான செலவில் அவ்வகுப்புப் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒவ்வொரு நூல் வாங்கிக் கொடுக்கலாம். அந்நாளில் ஒரு பிள்ளையேனும் தலைகுனிந்து வீடு செல்லாதிருத்தல் எம் எல்லார்க்கும் பெருமை.

பெற்றோராய் உள்ள அன்பர்கட்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பாடசாலையிலிருந்து வந்தவுடன் எத்தனை புள்ளி என வினவாது, இன்று என்ன வாசித்தாய் என வினவுங்கள். மாலை முழுவதையும் மேலதிக வகுப்புகளுக்கே கொடுத்துவிடாது, வளவில் ஓடி விளையாடவும் அம்மம்மாவிடம் கதை கேட்கவும் சிறிது நேரம் விடுங்கள். அக்கதையிற் பெற்ற சொற்களே நாளை கட்டுரையில் வந்து நிற்கும்.

எம் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் பெறும் வெற்றிகளை நாடு காணும். அவற்றின் அத்திவாரமோ முதலாந் தர வகுப்பறையிற் சிறு கதிரைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடத்து இடப்படுகின்றது. அப்பிள்ளைகளுள் ஒருவரும் வாசிக்கத் தெரியாது ஐந்தாந் தரத்தை விட்டு வெளியேறார் என்னும் நிலையை அடுத்த விழா மலர் வெளிவருமுன் எய்துவோமாயின், ஆரம்பப் பிரிவின் சாதனையை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். அவ்வாக்கியத்தை எழுதும் பேறு எம் கல்லூரிக்குக் கிட்டுவதாக.